மேசைக்கு இந்தப் பக்கம்

லூனாஸ் கடைவீதி. டயர் கடைக்கு மேல்மாடி.
மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை
ஒன்பது மணி தாண்டினால்
ஊர் எழுபதுகளுக்குப் போய்விடும்.
ஒட்டுக் கிருதா, புள்ளி போட்ட சேலை,
தரையைக் கூட்டும் பெல்பாட்டம்.
போட்டிருப்பவனுக்கு இருபத்து மூன்று வயது.
அவன் அம்மாவே அப்போது பிறக்கவில்லை.

ஏழு வருடம் அங்கே பாட்டுப் போட்டேன்.
பகலில் செம்பனை ஆலையில்
லோரிகளை எடை போடுகிறவள்.
நிறைந்து வந்த எடை, காலியாய்ப் போகும் எடை,
கழித்தால் சரக்கு.
எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

மேடை உயரம்.
அதனால் இந்த ஊரை நான் உச்சியிலிருந்து அறிவேன்.
வழுக்கை தொடங்கும் இடம்.
சாயம் தீர்ந்து வெள்ளை எட்டிப் பார்க்கும் வகிடு.
ஒரு வகிட்டில் குங்குமம்
திடீரென்று நின்றுபோன மாதம்.
சந்தையில் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால்
கொஞ்சம் குனியுங்கள், யாரென்று சொல்கிறேன் என்று
வாய்வரை வரும்.

ஏன் விடுகிறாய் என்று மங்களநாதன் கேட்டார்.
சம்பளமா என்றார். சண்டையா என்றார்.
கலியாணமா என்று கேட்கவில்லை, நல்ல மனுசர்.
இடது காதுக்குள் ஒரு கொசு இருக்கிறது என்றேன்.
அது பொய்யில்லை.
அதுவே காரணமும் இல்லை.

ஒரு பாட்டு முடியுமுன் அடுத்த பாட்டு,
அது முடியுமுன் அதற்கடுத்தது.
எந்தப் பாட்டின் கடைசியையும்
நான் கேட்டு வெகுநாள் ஆகிறது.
போன மாதம் குளித்துக்கொண்டே பாடியபோது
சரணத்தின் பாதியிலேயே
கை தானாக நீண்டு அடுத்ததைத் தேடியது.
சோப்பு விழுந்தது.
குனிந்து எடுத்தபோது முடிவு செய்துவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு.
மாதா மாதம் பதினொன்று நாற்பதுக்கு
கோழிச்சோற்றுக் கடை ரசீதின் பின்பக்கத்தில்
ஒரே கையெழுத்தில் ஒரே பாட்டு கேட்டு வரும்.
கை மாறிக் கை மாறி வருவதால்
எழுதியது யாரென்று தெரியாது.
அந்தப் பாட்டுக்கு யார் அதிகம் ஆடுகிறார்கள் என்று
மேலிருந்து தேடியிருக்கிறேன்.
எல்லோரும் ஆடுவார்கள்.

கேக் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.
வாங்கிவிட்டார்.
வசுந்தராவில் ஒரு மெய்யெழுத்தைக் காணோம்.
வசுதராவை எல்லோரும் பிய்த்துத் தின்றோம்.

பதினோரு மணிக்கு யுகனேஸ்வரி வந்தாள்.
ஹெட்போனில் என் வியர்வையைத் துடைத்துவிட்டுத்தான்
மாட்டிக்கொண்டாள். சரிதானே.
எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை.
மூன்றாவது சுவிட்ச் ஷாக் அடிக்கும் என்றேன்.
தெரியும்க்கா என்றாள்.

நான்கு படி.
ஆலைப் பாஷையில் சொன்னால் காலி லோரி.

கீழே பாட்டு வேறாக இருக்கிறது.
கணுக்காலில் நுழைந்து ஏறுகிறது.
எல்லோருக்கும் முகம் இருக்கிறது, மூக்கு இருக்கிறது.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
இடுப்பில் வைத்தேன், கணக்கு வாத்தியார் போலிருந்தது.
எடுத்துவிட்டேன்.

பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தட்டியது.
அக்கா, முன்னால அனுப்புங்க.
நான்காய் மடித்த ரசீது.
திரும்பிப் பார்த்திருக்கலாம்.
யார் கொடுத்தது, அவருக்கு யார் கொடுத்தது என்று
கடைசிவரை போயிருக்கலாம்.
எனக்கு முன்னால் இருந்த தோளைத் தட்டினேன்.

பாட்டு வந்தது.
எங்கே வெட்ட வேண்டும் என்று
யுகனேஸ்வரிக்குப் பிடிபடவில்லை போல, ஓடவிட்டாள்.
வயலின்கள் ஒவ்வொன்றாக இறங்கின.
தபலா நின்றது.
அதற்குப் பிறகும் தட்டு சுற்றியது.
ஒருவரும் கத்தவில்லை.
அப்போது யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம்.

பாட்டுக்கு உள்ளேயா,
டயர் கடை மாடியிலா.
இடது காதை நம்பிச் சொல்ல முடியவில்லை.